ட்ரை பிலிம்: படத்தின் தரம் எதில் நிற்கிறது, அதிலுள்ள வெள்ளி எங்கே போகிறது?

கேள்வி இதுதான். சிறு நகரத்து ஸ்கேன் சென்டர் ஒன்றில் சிடி, டிஜிட்டல் எக்ஸ்ரே இரண்டும் ஓடுகின்றன. நாளொன்றுக்கு 14×17 அங்குல பிலிம் ஏறத்தாழ 50 செலவாகிறது. பிலிமை மருந்துநீரில் கழுவும் டார்க் ரூமை (வெட் முறை) மூடிவிட்டு, கழுவாமல் சூட்டிலேயே படத்தை வரவழைக்கும் ட்ரை பிரிண்டருக்கு மாறப்போகிறார்கள். "வெட் பிலிமுக்குச் சமமான தரம், சுற்றுச்சூழலுக்கு ஒரு கெடுதலும் இல்லை" என்கிறார் விற்பனையாளர். இது உண்மையா? எதைப் பார்த்து வாங்குவது? சேர்ந்து கிடக்கும் பழைய பிலிம்களை என்ன செய்வது?

விற்பனையாளர் சொன்னதில் முதல் பாதியைச் சில நிபந்தனைகளோடு ஏற்கலாம். இரண்டாவது பாதியை அப்படியே ஏற்க முடியாது. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். வெட் பிலிமில் படம் தெரிந்த பிறகு மிச்சமிருக்கும் வெள்ளி உப்பை ஃபிக்ஸர் கரைத்து எடுத்துவிடும். அதையும் தண்ணீர் கழுவிவிடும். நோயாளி வீட்டுக்குக் கொண்டுபோகும் பிலிமில் படம் மட்டும்தான் இருக்கும். ட்ரை பிலிமில் கழுவும் வேலையே கிடையாது. கறுக்காத வெள்ளி உப்பும் அதைக் கறுக்கவைக்கும் மருந்தும் அந்தத் தாளுக்குள்ளேயே தங்கிவிடுகின்றன. பிரிண்டர் வாங்குவது முதல் பழைய பிலிமைத் தள்ளுவது வரை எல்லா முடிவையும் இதை மனதில் வைத்தே எடுக்க வேண்டும்.

உள்ளே இருப்பது என்ன என்று பார்ப்போம். 175 மைக்ரான் தடிமனுள்ள நீலச்சாயல் பாலியெஸ்டர் தாள் அடித்தளம். அதன்மேல் வெள்ளி பெஹனேட் என்ற உப்பு, அதிலிருந்து வெள்ளியைப் பிரித்தெடுக்கும் ஃபீனால் வகை மருந்து, கறுப்பைப் பழுப்பாகாமல் நல்ல கறுப்பாக வைக்கும் டோனர் ஆகிய மூன்றையும் ஒரு பிசினில் கலந்து பூசியிருப்பார்கள். (பெஹனிக் அமிலம் நமக்கு அந்நியமானதல்ல, முருங்கை விதை எண்ணெயில் உள்ள கொழுப்பு அமிலங்களில் அதுவும் ஒன்று.) ஏறத்தாழ 120 டிகிரி செல்சியஸில் இந்தக் கலவை இளகி, வெள்ளி பிரிந்து கறுக்கிறது. அறை வெப்பத்தில் இதே வினை மிக மிக மெதுவாகும், அவ்வளவுதான். முற்றிலும் நின்றுபோவதில்லை.

சந்தையில் "ட்ரை பிலிம்" என்ற ஒரே பெயரில் மூன்று வேறு சரக்குகள் விற்கப்படுகின்றன. குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

முதல் வகை லேசர். 3எம் நிறுவனம் 1990களின் நடுவில் கொண்டுவந்து, கோடாக்கின் கைக்குப் போய், 2007 முதல் கேர்ஸ்ட்ரீம் பெயரில் வரும் டிரைவியூ இந்த வகை. ஃபியூஜியின் டிரைபிக்ஸ் லேசர் மாடல்களும் கோனிகா மினோல்டாவின் டிரைப்ரோவும் இதே இனம். இந்தப் பிலிமில் வெள்ளி பெஹனேட்டுடன் ஒளியுணரும் சில்வர் ஹாலைடு துகளும் சிறிதளவு உண்டு. லேசர் முதலில் கண்ணுக்குத் தெரியாத படத்தை எழுதும். பிறகு சூடான உருளையின் மேல் பிலிம் ஏறத்தாழ 15 நொடி உருளும்போது படம் வெளிப்படும். ஒளியுணரும் துகள் இருப்பதால், அடிக்காத பிலிமுக்கு வெளிச்சமும் ஆகாது, எக்ஸ்ரேயும் ஆகாது. பெட்டியை எக்ஸ்ரே அறையின் மூலையில் அடுக்கிவைத்தால் அத்தனை பிலிமும் மங்கலாகும்.

இரண்டாவது நேரடி வெப்ப வகை. அக்ஃபாவின் டிரைஸ்டார் இதற்கு நல்ல உதாரணம். இதில் லேசரும் இல்லை, ஒளியுணரும் துகளும் இல்லை. அங்குலத்துக்கு 320 சூடேற்றும் புள்ளிகள் கொண்ட ஒரு தலை 14 அங்குல அகலத்துக்கும் நீண்டிருக்கும். கணக்குப் பார்த்தால் 4,480 புள்ளிகள். எந்தப் புள்ளி எவ்வளவு சூடாகிறதோ அந்த இடம் அவ்வளவு கறுக்கும். பகல் வெளிச்சத்திலேயே பிலிம் போடலாம். இயந்திரம் சிறியது, உருளையை நாள் முழுக்கச் சூடாக வைத்திருக்கத் தேவையில்லை.

மூன்றாவது இங்க்ஜெட் அல்லது டோனர் பிலிம் (இங்கே டோனர் என்பது சாதாரண பிரிண்டரின் கறுப்புத் தூள்). நீலப் பாலியெஸ்டர் தாளில் மை உறிஞ்சும் பூச்சு பூசி, சாதாரண பிரிண்டரில் அடிப்பது. வெள்ளி கிடையாது, விலை குறைவு. ஆனால் ஆழமான கறுப்பு வராது. சாம்பல் நிறங்களைச் சிறு புள்ளிகளாகத் தூவித்தான் காட்டும். சாயமை வகையாக இருந்தால் ஈரக்கை பட்டால் கலையும். அல்ட்ராசவுண்ட் படமோ, நோயாளி கையில் கொடுக்கும் ஒரு குறிப்புப் படமோ என்றால் பரவாயில்லை. மார்பு எக்ஸ்ரேயையும் எலும்பு முறிவையும் இதை வைத்து முடிவுசெய்வது சரியல்ல என்பதே என் உறுதியான கருத்து.

இனி படத்தின் தரம். டென்சிட்டி என்பது கருமையின் அளவு. டென்சிட்டி 1 என்றால் விழும் ஒளியில் பத்தில் ஒரு பங்கு கடக்கும், 2 என்றால் நூறில் ஒன்று, 3 என்றால் ஆயிரத்தில் ஒன்று. பிரசுரத்தில் "உச்ச டென்சிட்டி 3-க்கு மேல்" என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்தக் கறுப்பு உங்கள் அறையில் கண்ணுக்குக் கிடைக்குமா என்பது வேறு விஷயம். வியூ பாக்ஸின் (பிலிமை மாட்டிப் பார்க்கும் விளக்குப் பெட்டி) பிரகாசம் சதுர மீட்டருக்கு 2,000 கேண்டெலா, பிலிம் பரப்பில் பட்டுத் திரும்பும் அறை வெளிச்சம் 10 கேண்டெலா என்று வையுங்கள். மருத்துவப் படங்களுக்கான டைகாம் தரநிலை பிலிமுக்கான கணக்கைக் காட்டுவதும் இந்த எண்களை வைத்துத்தான். பிலிமின் வெளிறிய இடம் டென்சிட்டி 0.2 என்றால் கண்ணுக்கு வருவது ஏறத்தாழ 1,272. கறுத்த இடம் 3.0 என்றால் பெட்டியிலிருந்து வருவது 2, அறையிலிருந்து 10, ஆக 12. விகிதம் 106. இப்போது விலை அதிகமான பிரிண்டர் வாங்கி 3.6 வரை கறுப்பாக்கினாலும் 12 என்பது 10.5 ஆகும், அதற்கு மேல் ஒன்றும் நடக்காது. அதே பழைய பிரிண்டரை வைத்துக்கொண்டு, ஜன்னலுக்குத் திரை போட்டு, தலைக்குமேல் எரியும் குழல் விளக்கை அணைத்து, அறை வெளிச்சத்தை 1 கேண்டெலாவுக்குக் கொண்டுவந்தால் விகிதம் 420-ஐத் தாண்டுகிறது. ஆகவே பிரிண்டருக்கு முன்னால் திரைச்சீலைக்குச் செலவு செய்யுங்கள். வியூ பாக்ஸில் மஞ்சளித்த அக்ரிலிக் தகட்டையும் ஒரு பக்கம் மங்கிய குழாயையும் மாற்றுங்கள்.

மாமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) மட்டும் தனி. அதற்கு உச்ச டென்சிட்டி 3.5-க்குக் குறையக் கூடாது, வியூ பாக்ஸும் 3,000 கேண்டெலா இருக்க வேண்டும், புள்ளி அளவு 50 மைக்ரான் வேண்டும். அதாவது அங்குலத்துக்கு 508 புள்ளி. அதற்கென்றே தனிப் பிலிம் விற்கிறார்கள். சாதாரணப் பிலிமில் மாமோகிராம் அடித்தால் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் தெரியாமல் போகும். இது விட்டுக்கொடுக்கக்கூடிய விஷயமே அல்ல.

மற்றபடி 320 புள்ளி போதுமா என்ற கவலை தேவையில்லை. 320 என்றால் ஒரு புள்ளி 79 மைக்ரான். டிஜிட்டல் எக்ஸ்ரேயில் படத்தைப் பிடிக்கும் தகடான டிடெக்டரின் ஒரு பிக்சல் பெரும்பாலும் 140 மைக்ரானை ஒட்டியிருக்கும். ஆக முழு அளவில் அடித்தால் பிலிம் டிடெக்டரைவிட நுண்மையானது. சிடி படம் 512×512. ஒரு 14×17 பிலிமில் 20 படம் போட்டால் ஒரு கட்டத்துக்கு 1,088 புள்ளி கிடைக்கும். 35 படம் போட்டாலும் 777-க்குக் குறையாது. அப்புறம் ஏன் 35 படம் போட்ட பிலிமைப் படிக்க முடியவில்லை? கட்டம் இரண்டரை அங்குலத்துக்குச் சுருங்கிவிட்டது, அதனால்தான். பிலிமின் நுண்மை அங்கே ஒரு காரணமே இல்லை.

சிடியில் உண்மையான இழப்பு விண்டோவில், அதாவது எந்த அடர்த்தி வரம்பைச் சாம்பல் நிறங்களாகக் காட்டுவது என்ற தேர்வில், நடக்கிறது. மானிட்டரில் நுரையீரல், எலும்பு, மென்திசு என்று மாற்றிமாற்றிப் பார்க்கலாம். பிலிமில் ஒருமுறை அடித்துவிட்டால் அந்த விண்டோ அப்படியே உறைந்துவிடும். தலையில் அடிபட்டவரின் சிடியை மூளை விண்டோவில் மட்டும் அடித்துக் கொடுத்தால், மண்டையோட்டின் மெல்லிய விரிசல் வெண்மைக்குள் மறைந்துவிடும். எலும்பு விண்டோவில் ஒரு தாளாவது கூடவே போக வேண்டும்.

புதிய பிரிண்டர் வந்த முதல் வாரத்தில் அடிக்கடி வரும் புகார், "படம் ரொம்பக் கறுப்பு" என்பது. பிலிம் மோசம் என்று பெட்டியைத் திருப்பி அனுப்புவார்கள். பெரும்பாலும் பிலிமின் மேல் தவறு இருக்காது. சிடியை இயக்கும் கணினியான கன்சோல் தன் பங்குக்குச் சாம்பல்நிற வளைவை (எந்த எண்ணுக்கு எவ்வளவு கருமை என்ற கணக்கை) திருத்தி அனுப்பும். பிரிண்டரும் டைகாம் வளைவைத் தன் பங்குக்குப் போடும். திருத்தம் இரண்டு முறை விழுந்துவிடுகிறது. திருத்துவது ஓர் இடத்தில் மட்டுமே இருக்க வேண்டும், அது பிரிண்டராக இருப்பது நல்லது. படத்தைப் பெரிதாக்கும் இடைநிரப்பல் முறையையும் அன்றே பார்த்து வையுங்கள். பிக்சலை அப்படியே இரட்டிக்கும் அமைப்பில் விட்டிருந்தால் எலும்பின் விளிம்பு படிக்கட்டு போலத் தெரியும். அதிகமாக மழுக்கினால் நுண்ணிய விரிசல் அழிந்துபோகும்.

பொறியாளர் நிறுவிவிட்டுப் போகும் முன் எஸ்எம்பிடிஇ (திரைப்பட, தொலைக்காட்சிப் பொறியாளர் சங்கம்) வகுத்த சோதனைப் படத்தை ஒவ்வொரு இயந்திரத்திலிருந்தும் ஒன்று அடிக்கச் சொல்லுங்கள். அதில் முழுக் கறுப்புச் சதுரத்துக்குள் 5 சதவீதச் சிறு சதுரமும், முழு வெள்ளைச் சதுரத்துக்குள் 95 சதவீதச் சிறு சதுரமும் இருக்கும். இரண்டும் கண்ணுக்குத் தனித்துத் தெரிய வேண்டும். டென்சிட்டியை அளக்கும் டென்சிட்டோமீட்டர் இருந்தால் 0, 10, 40, 90 சதவீதக் கட்டங்களை அளந்து நோட்டில் எழுதுங்கள். எம்ஆர்ஐ பிலிமுக்கு அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ரேடியாலஜி சொல்லும் இலக்கு முறையே 2.45, 2.10, 1.15, 0.30. முதல் மூன்றுக்கும் 0.15, கடைசிக்கு 0.08 ஏற்ற இறக்கம் அனுமதி. டைகாம் வளைவில் ஓடும் உங்கள் பிரிண்டர் இதே எண்களைத் தராமல் இருக்கலாம். முதல் நாள் வந்த எண்கள்தான் உங்கள் அடிப்படை. வாரத்துக்கு ஒருமுறை அளக்கும்போது அதிலிருந்து விலகாமல் இருக்கிறதா என்பதுதான் முக்கியம். வெளிறிய இடத்தின் டென்சிட்டி 0.03 ஏறினாலே பிலிம் பழசு அல்லது சூடு பட்டது என்று சந்தேகியுங்கள். முதல்நாள் சோதனைப் பிலிமை ஒப்பிட எடுத்துவைப்பதாக இருந்தால் கறுப்பு உறையில் ஏசி அறை அலமாரிக்குள் வையுங்கள்; சுவரில் மாட்டினால் அதுவும் சேர்ந்தே மாறும்.

புதிய பெட்டி போடும்போது பிரிண்டர் தானாக ஒரு படிவரிசைப் பிலிம் அடித்து, உள்ளிருக்கும் அளவியால் அளந்து தன்னைச் சரிசெய்துகொள்ளும். ஒரு பிலிம் வீணாகிறதே என்று அதை ரத்து செய்யாதீர்கள். ஒரு தயாரிப்புத் தொகுதிக்கும் இன்னொன்றுக்கும் உணர்திறன் கொஞ்சம் மாறும், அந்த ஒரு தாள் அதற்காகத்தான். விலை குறைவு என்று வேறு நிறுவனப் பிலிமை நேரடி வெப்ப பிரிண்டரில் போடுவதும் வேண்டாம். தலை பிலிமை உரசிக்கொண்டே ஓடுகிறது. அந்த உரசலைத் தாங்கும் வழுவழுப்பு பிலிமின் மேல்பூச்சில் இருக்கிறது. பொருந்தாத பிலிம் தலையைத் தேய்த்துவிடும், தலைதான் அந்த இயந்திரத்திலேயே விலைமிகுந்த உறுப்பு.

படத்தில் கோடோ புள்ளியோ வந்தால் என்ன பார்ப்பது?

முதலில் தவறு பிரிண்டரிலா டிடெக்டரிலா என்று பிரியுங்கள். அதே படத்தைக் கன்சோலில் 90 டிகிரி திருப்பி இன்னொரு பிலிம் அடியுங்கள். கோடு எலும்போடு சேர்ந்து திரும்பினால் டிடெக்டர் அல்லது சிஆர் பிளேட்டில் (எக்ஸ்ரேயைப் பதித்து, பிறகு கருவியில் படிக்கும் தகடு) கோளாறு. எலும்பு திரும்பியும் கோடு பிலிமின் அதே ஓரத்தில் நின்றால் பிரிண்டர்தான். இதற்கு ஐந்து நிமிடம் போதும். இதைச் செய்யாமல் இரண்டு நிறுவனப் பொறியாளர்களையும் மாறிமாறி அழைப்பதில் ஒரு வாரம் போய்விடும்.

நேரடி வெப்ப வகையில் பிலிம் நகரும் திசையில் மெல்லிய வெள்ளைக்கோடு விழுந்தால், தலையில் ஒரு புள்ளியின் மேல் தூசி ஒட்டியிருக்கிறது. இயந்திரத்தை நிறுத்தி, தலை ஆறிய பிறகு, பஞ்சிழை உதிராத துணியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்து ஒரே திசையில் துடையுங்கள்; உலர்ந்த பின் சாம்பல் தாள் ஒன்று அடித்துப் பாருங்கள். டென்சிட்டி 1-ஐ ஒட்டிய சீரான சாம்பலில்தான் கோடு நன்றாகத் தெரியும். மூன்று முறை துடைத்தும் அதே இடத்தில் கோடு நின்றால் அந்தப் புள்ளி எரிந்துவிட்டது, தலையை மாற்ற வேண்டியதுதான். நகத்தாலோ பிளேடாலோ சுரண்டாதீர்கள்.

குறிப்பிட்ட இடைவெளியில் புள்ளி திரும்பத்திரும்ப வந்தால் ஏதோ ஓர் உருளையில் அழுக்கு இருக்கிறது. இடைவெளியை ஸ்கேலால் அளந்து 3.14 ஆல் வகுங்கள். 94 மில்லிமீட்டர் வந்தால் 30 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளையைத் தேடினால் போதும். நகரும் திசைக்குக் குறுக்கே பட்டை பட்டையாக வந்தால் மோட்டார், உருளை வழுக்கல், அல்லது அதிர்வு. லேசர் பிரிண்டரை ஆட்டம் காணும் மேசையிலோ, ஏசியின் வெளிப்பெட்டி அதிரும் சுவரை ஒட்டியோ வைத்தால் இப்படி வரும். லேசர் வகையில் சூட்டு உருளையின்மேல் கொழுப்பு அமில ஆவி படியும்; அதை உறிஞ்சும் கரி வடிகட்டியைக் காலத்தில் மாற்றாவிட்டால் அறையில் மெழுகு எரிந்த மாதிரி வாடை வரும், படத்திலும் மேகம் போன்ற திட்டுகள் விழும்.

மின்வெட்டு இன்னொரு தொல்லை. பிலிம் சூட்டு உருளையின் மேல் இருக்கும்போது மின்சாரம் போனால் அது அங்கேயே நின்று வெந்து, முழுக் கறுப்பாகிச் சுருண்டு சிக்கும். லேசர் பிரிண்டருக்கு ஆன்லைன் யுபிஎஸ் கட்டாயம் என்றே சொல்வேன். ஜெனரேட்டர் எடுக்க ஆகும் அந்தச் சில நொடிக்குத்தான் யுபிஎஸ்.

சேமிப்பைப் பற்றி. அடிக்காத பிலிமை 25 டிகிரிக்குக் கீழே வைக்க வேண்டும். சித்திரை வைகாசியில் ஏசியை இரவில் அணைத்துவிட்டுப் போகும் அறையில் தகரக் கூரையை ஒட்டிய பரணில் அடுக்கினால், காலாவதி தேதிக்கு முன்பே வெளிறிய இடமெல்லாம் சாம்பலாகும். ஃபார்மலின், அம்மோனியா, பழைய டெவலப்பர் (வெட் பிலிமில் படத்தை வரவழைக்கும் மருந்து) ஆவி எதுவும் அருகில் கூடாது. ஆகவே டார்க் ரூமையே அப்படியே பிலிம் கிடங்காக்குவதாக இருந்தால் தொட்டிகளை எடுத்து, கழுவி, சில நாள் காற்றோட்டம் விட்ட பிறகே செய்யுங்கள். குளிர்ந்த இடத்திலிருந்து எடுத்த பெட்டியை உடனே திறந்தால் நீர் முத்து கோக்கும். முந்தின இரவே எடுத்து வெளியில் வையுங்கள்.

அடித்த பிலிமுக்கும் இதே கதிதான், நோயாளிக்கு அதை யாரும் சொல்வதில்லை. நம் ஊரில் பத்திரமாக இருக்கட்டும் என்று ரேஷன் கார்டு, சான்றிதழ் எல்லாவற்றையும் லேமினேட் செய்வார்கள். ஸ்கேன் பிலிமையும் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். லேமினேஷன் உருளையின் சூடு 100 டிகிரிக்கு மேல். ட்ரை பிலிம் அதற்குள் போய் மறுபக்கம் வரும்போது ஓரம் முதல் ஓரம் வரை கறுத்திருக்கும். மூளையும் தெரியாது, பெயரும் தெரியாது. அந்தப் படத்தை இனி எந்த வழியிலும் மீட்க முடியாது. வெயிலில் நிறுத்திய காரின் கண்ணாடிக்குக் கீழே வைப்பதும், பேருந்தில் இன்ஜின் மூடியின் மேல் வைப்பதும் மெதுவாக இதையே செய்யும்.

இனி சுற்றுச்சூழல். உங்கள் 50 பிலிமையே கணக்காக எடுப்போம், ஆண்டுக்கு 300 நாள், 15,000 பிலிம். வெட் முறையில் ஒரு பெரிய பிலிமுக்கு டெவலப்பர் ஏறத்தாழ 65 மில்லி, ஃபிக்ஸர் 100 மில்லி என்று வைத்தால், ஆண்டுக்கு 975 லிட்டர் டெவலப்பரும் 1,500 லிட்டர் ஃபிக்ஸரும் கழிவாகும். பயன்பட்ட ஃபிக்ஸரில் லிட்டருக்கு 3 முதல் 8 கிராம் வரை வெள்ளி இருக்கும். 3 என்றே வைத்தாலும் 4.5 கிலோ. கழுவும் தண்ணீர் நிமிடத்துக்கு 3 லிட்டர் வீதம் ஆறு மணிநேரம் திறந்தே கிடந்தால் ஒரு நாளைக்கு 1,080 லிட்டர். இவை அனைத்தும் ட்ரை முறையில் இல்லாமல் போகின்றன. டார்க் ரூமில் நிற்பவர் மூச்சில் இழுக்கும் குளூட்டரால்டிஹைடு, சல்ஃபர் டைஆக்சைடு, அசிட்டிக் அமில ஆவியும் இல்லாமல் போகின்றன. ஒரு டெக்னீஷியனின் நுரையீரலுக்கு இது மிகப் பெரிய ஆதாயம்; மாறுவதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

ஆனால் வெள்ளி மறையவில்லை. லேசர் வகைப் பிலிமில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 2 கிராம் வெள்ளி என்று எடுத்தால் 35×43 சென்டிமீட்டர் தாளுக்கு 0.3 கிராம், 15,000 தாளுக்கு அதே 4.5 கிலோ. வெட் முறையில் அதில் பெரும்பகுதி உங்கள் ஃபிக்ஸர் கேனில் சேர்ந்தது; நீங்கள் நினைத்தால் மீட்டிருக்கலாம். இப்போது அது ஆயிரக்கணக்கான வீடுகளின் பீரோவுக்கு மேலே உறைகளில் சிதறிக் கிடக்கிறது. கூடவே பிளாஸ்டிக். 175 மைக்ரான் பாலியெஸ்டர் அந்த அளவில் ஒரு தாளுக்குச் சுமார் 36.6 கிராம் எடை. ஆண்டுக்கு 549 கிலோ பிளாஸ்டிக் உங்கள் ஒரு சென்டரிலிருந்து மட்டும் வெளியே போகிறது. தொழிற்சாலையிலும் கெடுதல் இல்லாமல் இல்லை. சில பிலிம்களின் பூச்சைக் கரிமக் கரைப்பானில் கலந்து பூசி, பிறகு அந்தக் கரைப்பானை ஆவியாக்கி எடுக்கிறார்கள். சிலர் நீர் சார்ந்த பூச்சுக்கு மாறியிருக்கிறார்கள். பிலிம் பூச்சுகளில் ஃபுளோரின் சேர்மங்களும் பயன்பட்டிருக்கின்றன. 2019-இல், எளிதில் சிதையாத நச்சுகளைத் தடுக்கும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையில் பிஎஃப்ஓஏ என்ற அத்தகைய ஃபுளோரின் சேர்மம் சேர்க்கப்பட்டபோது பிலிம் பூச்சுகளுக்குக் காலவரம்புள்ள விலக்கு தரப்பட்டது. வாங்கும் பிலிமின் பாதுகாப்புத் தரவுத்தாளை எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள். தரத் தயங்கும் விற்பனையாளரை விட்டுவிடலாம்.

மின்சாரமும் கணக்கில் வரும். லேசர் பிரிண்டர் பிலிம் அடிக்காத நேரத்திலும் உருளையைச் சூடாகவே வைத்திருக்கும். ஒரு பிளக் மீட்டர் மாட்டி ஒரு நாள் முழுக்க அளந்து பார்த்துவிட்டு, இரவில் தானாக உறங்கும் அமைப்பைப் போடுங்கள். நாளொன்றுக்குப் பத்து இருபது பிலிம்தான் என்றால் நேரடி வெப்ப வகை பொருத்தம். உங்களைப் போல 50, அதில் பாதி எக்ஸ்ரே, இடைவிடாமல் வரும் என்றால் இரண்டுமே சரி. சர்வீஸ் பொறியாளர் எந்த நிறுவனத்துக்கு உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறார் என்று பார்த்து முடிவுசெய்யுங்கள்.

கழிவுக்கு வருவோம். மூடும் டார்க் ரூமில் மிச்சமிருக்கும் டெவலப்பரையும் ஃபிக்ஸரையும் சாக்கடையில் கொட்டக் கூடாது. 2016-ஆம் ஆண்டு உயிரிமருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளில் எக்ஸ்ரே பிலிம் கழுவும் திரவம் மஞ்சள் பிரிவின் திரவ வேதிக்கழிவில் பெயர் சொல்லியே இருக்கிறது. வெள்ளியை மீட்ட பிறகு, முன்சுத்திகரிப்பு செய்தே கழிவுநீரில் சேர்க்க வேண்டும்.

வீணான பிலிம், யாரும் வாங்கிப்போகாத பிலிம் எல்லாம் வழக்கமாகக் காயலான் கடைக்கு எடைக்குப் போகின்றன. அங்கிருந்து போகும் இடத்தில் காஸ்டிக் சோடா கொதிநீரில் ஊறவைத்து, பூச்சைக் கரைத்து, வெள்ளியை வடிப்பார்கள். வெட் பிலிமின் பூச்சு ஜெலட்டின், அதனால் அது கரைகிறது. டிரைவியூ போன்ற பிலிமின் பூச்சு தண்ணீரை ஒட்டவிடாத பிசின். காஸ்டிக் சோடாவுக்கு அது எளிதில் அசைவதில்லை. கரையாததைக் கண்டதும் திறந்த வெளியில் போட்டுக் கொளுத்திச் சாம்பலிலிருந்து வெள்ளி எடுக்கிறார்கள். அந்தப் புகையைச் சுவாசிப்பவர்கள் அங்கே வேலை செய்பவர்களும் அவர்கள் பிள்ளைகளும்தான். ட்ரை பிலிமிலிருந்து வெள்ளி எடுக்க, புகை வடிகட்டியுள்ள உலையில் எரித்து, சாம்பலை உருக்கும் வசதி வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி உள்ள மறுசுழற்சியாளரிடம் மட்டும் கொடுங்கள். கொடுத்த எடைக்கு ரசீதும், அழித்ததற்குச் சான்றும் வாங்குங்கள். பிலிமில் நோயாளியின் பெயரும் வயதும் நோயும் இருக்கின்றன, ஆகவே துண்டாக்கித்தான் அனுப்ப வேண்டும்.

வெட், ட்ரை, இங்க்ஜெட் மூன்றையும் கலக்காமல் பிரித்துவைத்தால் மறுசுழற்சியாளர் நல்ல விலை தருவார். பழைய கட்டில் எது எது என்று தெரியாவிட்டால் படமில்லாத ஒரு மூலையில் சூடான இஸ்திரிப் பெட்டியின் நுனியைச் சில நொடி வையுங்கள். கறுத்தால் ட்ரை. கறுக்காவிட்டால் இன்னொரு மூலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு ஒரு நிமிடம் கழித்து நகத்தால் கீறுங்கள். இளகி வழுக்கிக்கொண்டு வருவது ஜெலட்டின் பூச்சுள்ள வெட் பிலிம்; மை கலைந்து விரலில் ஒட்டினால் இங்க்ஜெட். அழிக்கப்போகும் பிலிமில் மட்டும் இதைச் செய்யுங்கள்.

எந்த பிரிண்டர் என்பதைவிட எத்தனை தாள் என்பதுதான் அதிகம் கணக்கில் வரும். கை, கால் விரல் எக்ஸ்ரேக்கு 8×10 அங்குலம் போதும். 14×17-இன் மூன்றில் ஒரு பங்கு பரப்பு. 10×12 என்றால் பாதி. சிடியில் முந்நூறு நானூறு படங்களையும் ஆறு பிலிமில் நெருக்கிப் போடுவதற்குப் பதிலாக, ரேடியாலஜிஸ்ட் ரிப்போர்ட்டில் குறிப்பிடும் படங்களைத் தேர்ந்து, சரியான விண்டோவில், பெரிய கட்டத்தில் ஒன்றோ இரண்டோ பிலிம் அடியுங்கள். முழுத் தொகுப்பையும் ரிப்போர்ட்டில் அச்சிட்ட க்யூஆர் குறியீடு வழியாகக் கொடுங்கள். ரேடியாலஜிஸ்ட் எப்படியும் மானிட்டரில் பார்த்துத்தான் ரிப்போர்ட் எழுதுகிறார். அடுத்த ஊர் டாக்டரிடம் நல்ல திரை இல்லை, நோயாளிக்குக் கையில் ஏதாவது வேண்டும் என்பதற்காகத்தான் நம் ஊரில் பிலிம் இன்னும் ஓடுகிறது. அந்தத் தேவை நியாயமானது. அதற்கு நன்றாக அடித்த இரண்டு பிலிம் போதும்.

புது உறை அச்சடிக்கும்போது சென்டரின் விளம்பரத்துக்குக் கீழே, பெரிய எழுத்தில், இந்த மூன்று வரியைச் சேர்த்துவிடுங்கள்: "இந்தப் பிலிமை லேமினேட் செய்யக் கூடாது. வெயிலிலும் சூட்டிலும் வைக்கக் கூடாது. தேவைப்படாதபோது எரிக்காமல் எங்களிடமே திருப்பிக் கொடுங்கள்." திரும்பி வருபவற்றைப் போட வரவேற்பு மேசைக்குப் பக்கத்தில் பூட்டுள்ள ஒரு பெட்டி வையுங்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடை போட்டு அனுப்பினால் போதும்.